புதுத் தலைமுறை ப்ராசசரா, போன தலைமுறையா? லோ யாட்டுக்குக் கிளம்புமுன் போட வேண்டிய கணக்கு

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் பிளாசா கணினி அங்காடியின் மாடிகளை ஒரு சுற்று வந்தால், இரண்டு தலைமுறை ப்ராசசர்கள் ஒரே கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்திருப்பது வழக்கமான காட்சி. ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி பக்கத்தில் 9800எக்ஸ்3டி. இன்டெலின் கோர் ஐ9 14900கே பக்கத்தில் கோர் அல்ட்ரா 9 285கே. "எது வேகம்?" என்ற கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். காசைக் கரைப்பவை வேறு கேள்விகள். அந்தப் பெட்டி கூடவே எதையெல்லாம் வாங்க வைக்கும்? 32 டிகிரி அறையில் எப்படி நடந்துகொள்ளும்? உங்கள் வேலையில் அந்த வேகம் கண்ணில் படுமா?

(நம் ஊரில் 'செயலி' என்றதும் கைப்பேசியில் இறக்கும் ஆப்தான் பலருக்கும் நினைவு வரும். அதனால் கணினியின் மூளையான சில்லை இங்கே ப்ராசசர் என்றே எழுதுகிறோம்.)

எண் கூடினால் சிலிக்கானும் மாறியதா?

பெட்டியின் மேல் இருக்கும் எண்ணை வைப்பது விற்பனைப் பிரிவு. உள்ளே இருக்கும் சிலிக்கானை வரைவது வேறு ஆட்கள். இருவரும் எப்போதும் ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை.

இன்டெலின் 13900கே 2022 அக்டோபரில் வந்தது, 14900கே 2023 அக்டோபரில். இரண்டிலும் 8 பெரிய கோர் (கணக்கைச் செய்யும் அலகு), 16 சின்ன கோர், 36 எம்பி எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்), 253 வாட் உச்ச வரம்பு. உச்ச வேகம் மட்டும் 5.8 கிகாஹெர்ட்ஸிலிருந்து 6.0 ஆனது. மூன்றரை விழுக்காடுகூட இல்லாத இந்த உயர்வுக்குத்தான் 'புதுத் தலைமுறை' என்று பெயர். ஆனால் அதே வரிசையில் 14700கேயைப் பாருங்கள்: சின்ன கோர்கள் 8 இலிருந்து 12 ஆகக் கூடின. அங்கே உண்மையிலேயே பொருள் கூடியிருக்கிறது. ஆகவே தலைமுறையை ஒட்டுமொத்தமாக எடை போடாமல், மாடல் மாடலாகப் பார்க்க வேண்டும்.

ஏஎம்டியில் கதை தலைகீழ். 2022 செப்டம்பரின் 7950எக்ஸும் 2024 ஆகஸ்டின் 9950எக்ஸும் தாளில் இரட்டைப் பிள்ளைகள்: 16 கோர், 32 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), 64 எம்பி எல்3, 5.7 கிகாஹெர்ட்ஸ், 170 வாட். அடிப்படை வேகம் புதியதில் 4.5 இலிருந்து 4.3க்கு இறங்கியும் இருக்கிறது. ஆனால் உள்ளே கோரின் வடிவமைப்பு ஜென் 4 இலிருந்து ஜென் 5க்கு மாறிவிட்டது. ஒரே கடிகார வேகத்தில் சராசரியாக 16 விழுக்காடு கூடுதல் வேலை என்று ஏஎம்டி அறிவித்தது. விளையாட்டுகளில் அது கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது. காரணம் எளிது: விளையாட்டு பெரும்பாலான நேரம் ரேமிலிருந்து தகவல் வருவதற்காகக் காத்திருக்கிறது. ரேமோடு பேசும் ஐஓ சில்லு இரண்டு தலைமுறையிலும் அதேதான். சமையல்காரர் கை எவ்வளவு வேகமாக இருந்தாலும் காய்கறி வரும் வண்டி பழைய வண்டிதானே.

ஜென் 5 காசுக்கு வேலை செய்யும் இடமும் உண்டு. ஏவிஎக்ஸ்-512 கணக்குகளை (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் முறை) ஜென் 4 இரண்டு 256 பிட் துண்டுகளாகச் செய்யும். மேசைக் கணினி ஜென் 5 முழு 512 பிட் அகலத்தில் ஒரே வீச்சில் செய்யும். அதைப் பயன்படுத்தும் அறிவியல் கணக்கு, சில வீடியோ என்கோடர்கள், ப்ராசசரிலேயே ஓட்டும் ஏஐ மாதிரிகள் ஆகியவற்றில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். உங்கள் மென்பொருள் அந்த வகையா என்று பார்க்காமல் 16 விழுக்காட்டை நம்பிக் காசைப் போடாதீர்கள்.

கூடுதல் கேஷ் துண்டு ஒட்டிய எக்ஸ்3டி வகையில் மாற்றம் கேஷின் அளவில் இல்லை. இரண்டிலும் 96 எம்பிதான். இடம் மாறியிருக்கிறது. 7800எக்ஸ்3டியில் கூடுதல் கேஷ் துண்டும், அதைச் சமன்படுத்தும் வெற்றுச் சிலிக்கானும் கோர்களின் தலைமேல் கம்பளி போலப் போர்த்தியிருக்கும். சூடு அதைத் தாண்டித்தான் மூடியை எட்ட வேண்டும். அதனால் வேகம் 5.0 கிகாஹெர்ட்ஸிலும் வெப்பம் 89 டிகிரியிலும் கட்டிவைக்கப்பட்டது. 9800எக்ஸ்3டியில் கேஷ் அடியில் போய்விட்டது. கோர்கள் மூடிக்கு நெருக்கமாக வந்துவிட்டன. அடிப்படை வேகம் 4.2 இலிருந்து 4.7, உச்சம் 5.2, வெப்ப வரம்பு 95. விளையாட்டில் சராசரியாக 8 விழுக்காடு கூடுதல் என்பது ஏஎம்டியின் சொந்தக் கணக்கு. எல்லா கோரும் ஓடும் ரெண்டரிங் (படம், வீடியோவை உருவாக்கி முடிக்கும்) வேலையில் இடைவெளி இன்னும் பெரியது. வெறும் விளையாட்டுக்காரருக்கு இது சின்ன முன்னேற்றம். பகலில் வேலை, இரவில் விளையாட்டு என்று இருப்பவருக்குப் பெரிய முன்னேற்றம்.

2024 அக்டோபரில் வந்த இன்டெல் 285கே வேறொரு பாடம். ஒரு கோரில் இரண்டு த்ரெட் ஓட்டும் ஹைப்பர்த்ரெடிங்கை எடுத்துவிட்டார்கள்: 24 கோர், 24 த்ரெட். 14900கேயில் த்ரெட் 32. ப்ராசசரைத் துண்டு துண்டாகச் செய்து ஒட்டியதில் ரேம் கட்டுப்பாடு கோர்கள் இருக்கும் துண்டிலிருந்து பிரிந்து பக்கத்துத் துண்டுக்குப் போனது. ரேமை எட்டும் நேரம் நீண்டது. விளைவு: ரெண்டரிங்கில் குறைந்த மின்சாரத்தில் முந்தியது, பல விளையாட்டுகளில் 14900கேயிடமே தோற்றது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

7800எக்ஸ்3டியின் அறிமுக விலை 449 டாலர், 9800எக்ஸ்3டியின் விலை 479 டாலர். இந்த 30 டாலரை வைத்து யாரும் முடிவெடுக்கத் தேவையில்லை. முடிவை மாற்றுவது சாக்கெட், அதாவது போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்.

ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் உள்ள மதர்போர்டு வைத்திருப்பவருக்கு 7000 வரிசை ரைசனிலிருந்து 9000க்குப் போகப் ப்ராசசரின் விலை மட்டும்தான் செலவு. போர்டு, டிடிஆர்5 ரேம், கூலர் எல்லாம் அப்படியே. இந்தச் சாக்கெட்டை 2027 வரையும் அதற்கு அப்பாலும் ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெல் பக்கம் 14900கே எல்ஜிஏ1700, 285கே எல்ஜிஏ1851. போர்டு மாற்றியே ஆக வேண்டும். பழைய போர்டு டிடிஆர்4 என்றால் ரேமும் குப்பைக்கு, ஏனென்றால் 285கே டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். 2025 கடைசியிலிருந்து டிடிஆர்5 விலை கண்டபடி ஏறியதால் இந்தச் சுமைகூலி இன்னும் கனக்கிறது.

ஆகவே ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள்: ப்ராசசர், போர்டு, ரேம், கூலர், பவர் சப்ளை. ஒவ்வொன்றுக்கும் அன்றைய கடை விலையை வெள்ளியில் போடுங்கள். ஏற்கெனவே கையில் இருப்பதற்குச் சுழியம். பழையதை விற்றால் கிடைப்பதைக் கழியுங்கள். டிடிஆர்4 போர்டில் ஐ5 12400 வைத்திருக்கும் ஒருவருக்கு, அதே போர்டில் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துவிட்டு 14700கே போடுவதுதான் பெரும்பாலும் ஆகக் குறைந்த தொகையாக வரும். போர்டின் மின்பகுதி அதைத் தாங்குமா என்று தயாரிப்பாளர் பக்கத்தில் உள்ள ப்ராசசர் பட்டியலில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூலரில் ஒரு சின்ன வலை. முந்தைய ஏஎம்4 சாக்கெட்டின் கூலரை ஏஎம்5இல் மாட்டலாம் என்பது பாதி உண்மை. போர்டோடு வரும் பின்தகட்டையே பயன்படுத்தும் கூலர்கள் பொருந்தும். சொந்தப் பின்தகடு கேட்பவை பொருந்தாது, ஏஎம்5இல் அந்தத் தகடு கழற்றக்கூடியது அல்ல.

உங்கள் அறை 21 டிகிரியில் இல்லை

இணையத்தில் பார்க்கும் சோதனைப் படங்களில் (வேகத்தை ஒப்பிடும் வரைபடங்கள்) பெரும்பாலானவை 20 முதல் 22 டிகிரி அறையில் எடுத்தவை. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஏர்கோன் போடாத அறை பிற்பகலில் 31, 32 டிகிரி. எந்தக் கூலரும் அறைக் காற்றை விடக் குளிர்ச்சியாக ப்ராசசரை ஆக்க முடியாது. அறை 10 டிகிரி கூடினால் ப்ராசசரும் ஏறத்தாழ 10 டிகிரி கூடும். அங்கே 82 டிகிரி காட்டிய 7800எக்ஸ்3டி இங்கே தன் 89 டிகிரி வரம்பில் போய் முட்டும். 7950எக்ஸ், 9950எக்ஸ், 9800எக்ஸ்3டி மூன்றுக்கும் வரம்பு 95, 14900கேக்கு 100, 285கேக்கு 105. வரம்பை எட்டினால் ப்ராசசர் கருகிவிடாது, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த இழப்பு யாருடைய படத்திலும் இருக்காது.

7950எக்ஸில் வெப்ப எண்ணைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. 95 டிகிரிவரை போவதற்கே அதை வடிவமைத்திருக்கிறார்கள். கூலர் இடம் கொடுக்கும்வரை 230 வாட் இழுக்கும். இங்கேயும் 95, ஐரோப்பாவிலும் 95. மாறுவது கடிகார வேகம். ஆகவே எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளில் வெப்பத்தைப் பார்க்காமல், பத்து நிமிடம் முழு வேலை கொடுத்தபின் எல்லா கோரும் எந்த வேகத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

இதற்கு மருந்து பெரிய கூலர் என்று கடையில் சொல்வார்கள். அதற்கு முன் காசில்லாத மருந்து ஒன்று இருக்கிறது: பயாஸில் ஈகோ மோடு. 170 வாட் ரைசனை 105 வாட் ஈகோவில் வைத்தால் சாக்கெட் 142 வாட்டுக்கு மேல் இழுக்காது. கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காக மின்னழுத்தம் ஏறுகிறது. மின்சாரம் அந்த அழுத்தத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. அதனால் வாட்டைப் பெரிதாக வெட்டினாலும் வேகம் கொஞ்சமே குறையும். இரண்டு தலைமுறையையும் ஒரே வாட்டில் வைத்துச் சோதித்த படம் கிடைத்தால் அதைத்தான் நம்புங்கள். நம் அறையின் நிலவரத்துக்கு அதுவே பக்கத்தில் வரும்.

விளையாட்டு மட்டும் என்றால் இந்த இடத்தில் போன தலைமுறைக்கு ஒரு புள்ளி கூட. விளையாடும்போது 7800எக்ஸ்3டி 9800எக்ஸ்3டியை விடக் குறைந்த மின்சாரம் இழுக்கும். சுமாரான காற்றுக் கூலரே போதும். ஏர்கோன் இல்லாத அறைக்கு அது பொறுமையான விருந்தாளி.

மின் கட்டணத்தைக் காரணம் காட்டிப் புதியதை வாங்கச் சொல்பவர்களும் உண்டு. 100 வாட் வித்தியாசம், நாளுக்கு 4 மணி நேரம், 30 நாள்: 12 யூனிட். 2025 ஜூலையில் வந்த டிஎன்பி (தெனாகா நேஷனல்) மின் கட்டண முறைப்படி, கழிவுகளுக்கு முன் யூனிட்டுக்குச் சுமார் 44 சென். மாதம் 5 வெள்ளி 30 சென். இதில் புது ப்ராசசரின் விலையை மீட்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஏர்கோன் மீது விழும் சுமைதான் கவனிக்க வேண்டியது. ப்ராசசர் 250 வாட், கிராஃபிக்ஸ் கார்டு 350 வாட் என்றால் 600 வாட் சூடு, அதாவது மணிக்கு ஏறத்தாழ 2,050 பிடியூ (ஏர்கோன் திறனை அளக்கும் அலகு). ஒரு குதிரைத்திறன் ஏர்கோனின் திறன் 9,000 பிடியூ. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கணினியே தின்றுவிடும். அடுக்குமாடி வீட்டின் சின்ன அறையில் "ஏர்கோன் குளிரவில்லை" என்று ஆளைக் கூப்பிடுமுன் இதை யோசிக்கலாம்.

எந்தப் படத்தை நம்புவது

ப்ராசசர் சோதனைகளை 1080பியில், சந்தையில் உள்ள ஆகப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டோடு செய்வார்கள். ப்ராசசரின் வேகத்தைத் தனியாகப் பிரித்துக் காட்ட அதுதான் சரியான வழி, குறை சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் நடுத்தரக் கார்டோடு 1440பியில் விளையாடினால் அந்த இடைவெளி உங்கள் திரைக்கு வந்து சேராது. சந்தேகம் என்றால் இப்போதைய கணினியிலேயே பார்க்கலாம்: வழக்கமாக விளையாடும் விளையாட்டைத் திறந்து, கூட்டம் நிறைந்த இடத்தில் நின்று, பிரேம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திரைத் தெளிவை 720பிக்கு இறக்குங்கள். பிரேம் எகிறினால் தடை கிராஃபிக்ஸ் கார்டு; ப்ராசசரை மாற்றிப் பயனில்லை. பிரேம் அசையாமல் நின்றால் தடை ப்ராசசர், அப்போது வாங்குங்கள்.

இன்னொன்று, பலரும் சறுக்கும் இடம். 2024 ஆகஸ்டில் விண்டோஸ் 11க்கு வந்த திருத்தம் ரைசனின் கிளைக் கணிப்பை (அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று முன்கூட்டியே ஊகிப்பது) சீராக்கியது. ஜென் 4, ஜென் 5 இரண்டுமே வேகம் பெற்றன. அதற்கு முன் எழுதிய 7800எக்ஸ்3டி கட்டுரையின் எண்ணையும் அதற்குப் பின் எழுதிய 9800எக்ஸ்3டி கட்டுரையின் எண்ணையும் பக்கத்தில் வைத்தால், விண்டோஸின் வேகமும் புது ப்ராசசரின் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரே சோதனையில், ஒரே விண்டோஸில் இரண்டையும் ஓட்டிய எண்ணை மட்டும் எடுங்கள்.

கல்யாண வீடியோ தொகுப்பவர்களுக்கு இந்தப் படங்கள் எதுவும் உதவாது. இப்போதைய பல கேமராக்கள் எச்265 என்ற வீடியோ சுருக்க முறையில், நிறத் தகவல் கூடிய 10 பிட் 4:2:2 வடிவில் பதிவு செய்கின்றன. அதை விரிக்கும் தனிச் சுற்று 14900கே, 285கே இரண்டின் உள்கிராஃபிக்ஸிலும் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி) இருக்கிறது. ரைசனின் உள்கிராஃபிக்ஸில் இல்லை. ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு இருந்தால் அது செய்துவிடும். இல்லையென்றால் ரெண்டரிங் படத்தில் முன்னால் நிற்கும் 9950எக்ஸ், டைம்லைனை இழுக்கும்போது தடுக்கித் தடுக்கி ஓடும். இன்டெலில் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்கிராஃபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் விலை குறைவு என்று கேஎஃப் எடுத்தால் இந்த வசதி போச்சு.

மாட்டும்போது நடப்பவை

600 வரிசை ஏஎம்5 போர்டில் 9000 ரைசனைப் போட்டால் பழைய பயாஸ் அதை அடையாளம் காணாது; திரை கறுப்பாகவே இருக்கும். பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டில் இதற்கு ப்ராசசரே தேவையில்லை. 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த யூஎஸ்பியை ஃபேட்32 ஆக்கி, பயாஸ் கோப்புக்குக் கையேட்டில் சொன்ன பெயரை வைத்து, குறித்த துளையில் செருகி, 24 முள் கேபிளையும் ப்ராசசர் மின்கேபிளையும் இணைத்து, பொத்தானை மூன்று விநாடி அழுத்த வேண்டும். விளக்கு மின்னி முடியும்வரை கை வைக்கக் கூடாது. பொத்தான் இல்லாத போர்டு என்றால் பழைய ப்ராசசரைக் கழற்றுமுன்பே பயாஸை ஏற்றிவிடுங்கள்.

முதல் தடவை போடும்போது டிடிஆர்5 ரேமைப் போர்டு அளந்து பார்க்கும். சில நிமிடம் எதுவும் தெரியாது. "செத்துவிட்டது" என்று நினைத்து அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் அளவு முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் பொறுங்கள்.

ரேம் இரண்டு குச்சி, 6000 வேகம், சிஎல்30 (ரேம் பதில் தரும் தாமதத்தின் அளவு): ரைசனின் இரண்டு தலைமுறைக்கும் இதுவே போதும். பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்க மறந்தால் 4800இலோ 5600இலோ ஓடும். அப்படி ஓட்டிவிட்டு "புது ப்ராசசரில் ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்பவர்கள் ஏராளம். நான்கு குச்சி போட்டால் ஏஎம்5இன் அதிகாரப்பூர்வ வேகம் 3600க்கு இறங்கும். நிறைய ரேம் வேண்டுமானால் 48 ஜிபி இரண்டு வாங்குங்கள். பழைய ஏஎம்5 போர்டை இரண்டாம் கையாக எடுத்தால், எக்ஸ்போ போடுமுன் பயாஸை ஏற்றுவது கட்டாயம்: 2023இல் சில எக்ஸ்3டி ப்ராசசர்கள் சாக்கெட்டோடு கருகிய பிறகுதான் சாக் (ரேம் கட்டுப்பாடு இருக்கும் பகுதி) மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் உச்சவரம்பு வந்தது.

9950எக்ஸ்3டி, 7950எக்ஸ்3டி போன்ற 16 கோர் எக்ஸ்3டிகளில் 8 கோர்களுக்கு மட்டுமே கூடுதல் கேஷ். விளையாட்டை அந்தப் பக்கம் அனுப்புவது சிப்செட் டிரைவரும் விண்டோஸ் கேம் பாரும். "தேவையில்லாதது" என்று கேம் பாரை அழித்துவிட்டால், விலை குறைந்த 8 கோர் எக்ஸ்3டியிடமே இது தோற்கலாம்.

பழைய 13, 14ஆம் தலைமுறையை வாங்குவதென்றால்

இரண்டாம் கைச் சந்தையில் 13900கே, 14900கே மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள 13, 14ஆம் தலைமுறை மேசை ப்ராசசர்களில், தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுக் கேட்டு உள்சுற்று தேய்வதை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோடு (ப்ராசசரின் உள் கட்டளைகள்) திருத்தங்கள் பயாஸ் வழியாக வந்தன. அவை இனிமேல் தேயாமல் காக்கும்; தேய்ந்ததைத் திருப்பித் தராது.

அடையாளங்கள் ஏமாற்றும். அன்ரியல் எஞ்சின் விளையாட்டு ஷேடர் (காட்சிக்கு ஒளி, நிறம் தரும் சின்ன நிரல்கள்) தயாரிக்கும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று விழும். எல்லோரும் கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டுவார்கள். பெரிய சுருக்கக் கோப்பை விரிக்கும்போது சிஆர்சி (கோப்பு சிதைந்தது என்று சொல்லும்) பிழை வரும். டிரைவர் நிறுவல் பாதியில் நிற்கும். விற்பவரிடம் போர்டோடு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்: புதிய பயாஸ், இன்டெல் டீஃபால்ட் அமைப்பு, 7-ஜிப் (கோப்புச் சுருக்க மென்பொருள்) சோதனை அரை மணி நேரம். ஒரு பிழை வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பெட்டியில் விற்றவற்றுக்கு இன்டெல் உத்தரவாதத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆக நீட்டியது. வரிசை எண்ணை அவர்களின் தளத்தில் போட்டு, மீதி எவ்வளவு என்று காசு கைமாறுமுன் பாருங்கள். பெட்டி இல்லாமல் விற்கும் ட்ரே ப்ராசசருக்கு அந்த நேரடி உத்தரவாதம் இல்லை. விற்ற கடைதான் பொறுப்பு.

மூடியில் 'மேட் இன் மலேசியா' என்று இருந்தால் நம்பகம் கூடும் என்று கேட்கும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் திறந்தது. ஏஎம்டியும் அதே காலத்தில் வந்தது, அதன் ஆலையின் 85 விழுக்காட்டுப் பங்கை 2016இல் சீனாவின் டோங்ஃபூ வாங்கிக்கொண்டது. சிலிக்கானைச் செய்வது வேறு நாட்டில். பொருத்துவதும் சோதிப்பதும்தான் இங்கே. பொருத்திய நாடு வேகத்தை மாற்றாது. மேலே சொன்ன தேய்மானம் மலேசியா என்று அச்சிட்டதையும் விடவில்லை.

கடையில் வாங்கினால் ரசீதில் மாடல் பெயர் முழுதாக இருக்கட்டும், வரிசை எண்ணோடு. 14900கே என்று பேசி 14900கேஎஃப் வந்தால், ரசீதில் வெறும் 'ஐ9' என்று இருந்தால் வாதாட இடமில்லை. கடை கைவிரித்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுப் போடலாம்; 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும், வழக்கறிஞர் வேண்டியதில்லை. வியாபாரம் செய்யாத தனியாளிடம் வாங்கிய இரண்டாம் கைப் பொருளுக்கு அந்த வழி கிடையாது. அரை மணி நேரச் சோதனையை அங்கேயே உட்கார்ந்து முடிக்கச் சொல்வது அதனால்தான்.